டர்போ லாரியின் ஆக்சிஜன் சென்சார்: ‘மிச்சவளி உணரி’ சரிவருமா?

செங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சிக்கு வணக்கம்.

பட்டறைக் கையேட்டுச் சொற்பட்டியலில் ஆக்சிஜன் சென்சாருக்கு ‘உயிர்வளி உணரி’ என்று போட்டிருக்கிறோம். தப்பான சொல் இல்லை, பொத்தாம்பொதுவான சொல். இந்தக் கருவி உட்கார்ந்திருப்பது புகைக்குழாயில். டீசல் எரிந்து தீர்ந்தபின் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சிக் கிடக்கிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. அந்த மிச்சத்தைப் பெயரிலேயே வைத்துவிட்டால், கரும்புகை தள்ளும் வண்டியில் உணரி காட்டும் எண் ஏன் இறங்குகிறது என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டாம். ஆகவே ‘மிச்சவளி உணரி’ என்று முன்மொழிகிறேன்.

இன்னொரு வசதியும் உண்டு. மிச்சம் மலையாளத்திலும் புழங்கும் சொல். உச்சவரம்புக்கு மேல் உள்ள நிலத்தை அங்கே மிச்சபூமி என்கிறார்கள். ஆரியங்காவு தாண்டி இருக்கும் மெக்கானிக்குக்கும் பாதி விளங்கிவிடும்.

புனலூரிலிருந்து:

தம்பி, ‘எச்சவளி’ இன்னும் கச்சிதம் இல்லையா? பெயரெச்சம், வினையெச்சம் என்று இலக்கணத்திலேயே பழகிய சொல்.

எது வைத்தாலும், கையேட்டில் பெயருக்கு அடுத்த வரியில் ‘டர்போவுக்குப் பின்’ என்று இருக்க வேண்டும். டர்போவுக்கு (புகையால் சுழன்று இஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கருவி) முன்னால், இஞ்சினிலிருந்து புகை சேர்ந்து வரும் மேனிஃபோல்டில் மாட்டினால் மூன்று கேடு. ஒன்று சூடு. போஷ் எல்.எஸ்.யு. 4.9 வகை உணரிக்குப் புகையின் சூடு 930 டிகிரிக்கு மேலும், அறுகோண உடம்பின் சூடு 600 டிகிரிக்கு மேலும் போகக் கூடாது. இரண்டு, அழுத்தம். மேனிஃபோல்டில் அடைபட்டு நிற்கும் அழுத்தம் உணரியின் மின்னோட்டத்தை ஏற்றிவிடும். உள்ளதைவிடக் கூடுதல் ஆக்சிஜன் இருப்பதாக அது பொய் சொல்லும், அதுவும் முழுச்சுமை ஏற்றத்தில், நமக்கு உண்மை தேவைப்படும் நேரத்தில். மூன்று, உள்ளே இருக்கும் பீங்கான் உடைந்தால் சில்லு நேரே டர்போ சக்கரத்துக்குள் போகும். உணரியோடு டர்போவுக்கும் சேர்த்துச் செலவு.

டர்போ வாயிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, புகையைச் சுத்திகரிக்கும் கிரியா ஊக்கிக்கு முன்னால் வைப்பதே முறை. எக்ஸாஸ்ட் பிரேக் தட்டு (புகைக்குழாயை அடைத்து வண்டியின் வேகத்தைக் குறைப்பது) இருக்கும் வண்டியில் தட்டுக்கும் பின்னால் போக வேண்டும். குழாயின் வால்முனைக்கு மிக அருகே போனால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டுக் கணக்கைக் கெடுக்கும்.

வெல்டிங் பண்ணும் நட்டு 18 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை. குழாயின் மேல்பாதியில், கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி நிமிர்ந்து நிற்க வேண்டும். அடியில் வைத்தால் காலையில் குழாயில் ஊறும் தண்ணீர் அங்கே தேங்கும், ஹீட்டர் சூடேறியதும் பீங்கான் விரிசல் விடும். வெல்டிங்கின்போது பேட்டரியைக் கழற்றி, நட்டில் உணரிக்குப் பதில் வெறும் போல்ட் ஒன்றைத் திருகி வையுங்கள். அப்புறம் 22 மி.மீ. ஸ்பேனர், 40 முதல் 60 நியூட்டன் மீட்டர் இறுக்கம். ஒட்டாமல் இருக்கத் தடவும் பசை மரையில் மட்டும். சிலிக்கான் பேஸ்ட் அந்தப் பக்கமே வரக்கூடாது, அதன் ஆவி உணரிக்கு நஞ்சு.

செங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சி, ‘எச்சம்’ என்றால் பட்டறைப் பையன்களுக்கு லாரிக்கூரையில் காக்கா போட்டதுதான் ஞாபகம் வரும். இலக்கணம் தோற்றுப்போகும் இடம் அது.

மாட்டும் பகுதியில் மின்சாரம் விடுபட்டிருக்கிறது. லாரியில் 24 வோல்ட், கடையில் வாங்கும் அளவுகாட்டிப் பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்று குறைசார்ஜிலும் மற்றது மிகைசார்ஜிலும் போய் இரண்டுமே சீக்கிரம் சாகும். 24-இலிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். ஒயர் எட்டவில்லை என்று இணைப்பியை வெட்டவும் கூடாது. அந்த உணரிக்கென்று சரிசெய்த மின்தடை இணைப்பிக்குள்தான் இருக்கிறது. ஹீட்டருக்கு மின்சாரம் கொடுக்காமல் உணரியைச் சும்மா குழாயில் விட்டுவைத்தாலும் கரி படிந்து கெடும்.

பி.எஸ். 6 புகைவிதிப்படி வந்த வண்டியில் (2020 ஏப்ரல் 1 முதல்) புதிதாக ஓட்டை போடாதீர்கள். யூரியா தெளிப்புக்கு முன்னால் உள்ள நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) சென்சாரே ஆக்சிஜன் அளவையும் தருகிறது, ஸ்கேனரில் பார்த்துக்கொள்ளலாம்.

இனி வாசிப்பு. 21-ஐ, 21-இலிருந்து மிச்ச ஆக்சிஜன் சதவீதத்தைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் லேம்டா, அதாவது டீசல் எரியத் தேவையான காற்றைப்போல் எத்தனை மடங்கு காற்று போகிறது என்ற கணக்கு, தோராயமாகக் கிடைக்கும். 9 சதவீதம் என்றால் 1.75. 5 சதவீதம் என்றால் 1.3, அதற்குக் கீழே கரும்புகைதான். ஐடிலில் 15 முதல் 18 சதவீதம் வரை நிற்பது இயல்பு.

நமக்குச் சோதனைச்சாலை புளியரைக்கு மேலே எஸ் வளைவுதான். சுமையோடு ஏறும்போது காட்டும் மிகக் குறைந்த எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். இறங்கும்போது கியரில் விட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் நின்று வெறும் காற்று மட்டும் குழாயில் ஓடும், அப்போது 20.9 வர வேண்டும். 19 என்று நின்றால் உணரி மூப்படைந்துவிட்டது, அல்லது இஞ்செக்டர் ஒழுகுகிறது. தென்மேற்குப் பருவ மழையில் 20.3 காட்டினால் பதற வேண்டாம். ஈரக் காற்றில் நீராவி இடம்பிடித்துக்கொள்வதால் ஆக்சிஜன் பங்கு உண்மையிலேயே அவ்வளவுதான்.

புனலூரிலிருந்து:

> 20.9 வர வேண்டும்

இந்தச் சோதனையின்போது எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடக் கூடாது என்று சேர்த்துக்கொள். உணரி தட்டுக்கு முன்னால் இருந்தால் அழுத்தம் ஏறி 21-ஐத் தாண்டியும் காட்டும். உணரி கெட்டுவிட்டதாக நினைத்துக் கழற்றி எறிவார்கள்.

பூஸ்ட் அழுத்தத்தையும் (டர்போ இஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) கூடவே பார்க்க வேண்டும். ஏற்றத்தில் பூஸ்டும் மிச்சவளியும் சேர்ந்து இறங்கினால் இன்டர்கூலர் ஹோஸ் ஒழுகுகிறதா என்று பார். பூஸ்ட் சரியாக இருந்து மிச்சவளி மட்டும் இறங்கினால் டீசல் கூடுதலாகப் போகிறது. கரும்புகை தள்ளியும் மிச்சவளி ஏராளம் என்று காட்டினால் எண்ணை நம்பாதே. உணரிக்கு முன்னால் பிளாஞ்ச் கேஸ்கெட் போயிருக்கும், ஒவ்வொரு புகைத்துடிப்புக்கும் இடையில் வெளிக்காற்று உள்ளே வரும்.

பார், நானே மூன்று தடவை ‘மிச்சவளி’ என்று எழுதிவிட்டேன். எச்சத்தை விட்டுவிடலாம்.

அடுத்தது: லீன், ரிச் இரண்டுக்கும் பட்டியலில் ‘நலிந்த கலவை’, ‘செறிந்த கலவை’ என்று இருக்கிறது. நலிந்தது காற்றா டீசலா?

செங்கோட்டையிலிருந்து:

குழம்பில் உப்பு தூக்கல், புளி தூக்கல் என்கிறோமே, அதையே எடுத்துக்கொள்ளலாம். லீன் ‘காற்று தூக்கல்’, ரிச் ‘டீசல் தூக்கல்’. எது கூடுதல் என்று சொல்லே சொல்லிவிடும்.

நேரோபேண்ட், வைட்பேண்ட் என்ற இரண்டு உணரி வகைக்கும் பட்டியலில் உள்ள ‘குறும்பட்டை, அகன்ற பட்டை’ மரப்பட்டை மாதிரி இருக்கிறது. முதல் வகை லேம்டா ஒன்றுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்லும். காற்று தூக்கலில் 0.1 வோல்ட், மறுபக்கம் 0.9 வோல்ட், நடுவில் ஒரே தாவல். ஜெர்மன்காரர்கள் அதைத் தாவல் என்ற பொருளிலேயே பெயரிட்டிருக்கிறார்கள். நாம் ‘பக்க உணரி’ என்போம். மற்றது எவ்வளவு என்று சொல்வதால் ‘அளவு உணரி’. டீசல் வண்டியில் பக்க உணரி எந்நேரமும் 0.1-இலேயே கிடக்கும், பயனில்லை. லேம்டா ஒன்றில் ஓடும் சி.என்.ஜி. லாரிக்கு அது போதும்.

புனலூரிலிருந்து:

தூக்கல் பிரமாதம். சி.என்.ஜி.க்கு ‘கேஸ் தூக்கல்’ என்று மாற்றிக்கொள்ளலாம். பக்க உணரி மட்டும் இடிக்கிறது, வண்டியின் பக்கவாட்டில் மாட்டுவது என்று படிப்பார்கள். ‘தாவல் உணரி’ என்றே வைத்துவிடு. டர்போவுக்கு யாரோ ‘சுழல்துருத்தி’ என்று குறித்திருக்கிறார்கள். அழகாக இருக்கிறது, ஆனால் உதிரிபாகக் கடையில் கேட்டால் கிடைக்காது. டர்போ டர்போவாகவே இருக்கட்டும்.