புதுப்பிப்பு: ஏற்காட்டில் அஸ்பாரகஸ் தண்டு விடுகிறது

கடுங்குளிர் இல்லாத ஏற்காட்டில், விதை போட்டு வளர்த்த அஸ்பாரகஸ் (இளந்தண்டைக் காய்கறியாகச் சாப்பிடும் செடி) தண்டு தருமா என்று முன்பு கேட்டிருந்தேன். தருகிறது! இந்த வருஷம்தான் முதல் அறுவடை.

சேர்வராயன் மலையில் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம் என்றாலும், செடி காய்ந்து உறங்கும் அளவுக்குக் குளிராது. அதனால் தாய்த்தண்டு முறைதான் சரி. ஒவ்வொரு தூரிலும் மூன்று நான்கு தண்டுகளை வெட்டாமல் உயரமாக வளர விடுகிறேன். அவை தயாரிக்கும் உணவு வேரில் சேரும். பக்கத்தில் புதிதாக முளைப்பவற்றை மட்டும் 20 செ.மீ. வந்ததும், நுனி விரியும் முன் அறுக்கிறேன். தாய்த்தண்டு மஞ்சளானால் எடுத்துவிட்டு வேறொன்றை வளர விட வேண்டும். முதல் இரண்டு வருஷம் ஒரு தண்டுகூட வெட்டவில்லை. அந்தப் பொறுமை அவசியம்.

மழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். மேட்டுப்பாத்தி போடுங்கள். அப்புறம், பெண் செடியில் சிவப்புப் பழம் வரும். அழகாக இருக்கும், ஆனால் தின்றால் வயிறு கெடும். குழந்தைகள் பறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சேலம் டவுனில் வளருமா என்று கேட்டவருக்கு: வளரும். ஆனால் வெயிலில் நுனி சீக்கிரம் விரிந்து தண்டு நாராகிவிடும். காலை, மாலை இரண்டு வேளையும் பாத்தியைப் பார்க்க வேண்டியிருக்கும்.