போஸ்ட்கிரஸ் பதிப்பை மாற்றினால் புதிய பொட் பாதியில் நிற்கிறது

கொட்டாஞ்சேனைக்காரன்:
புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடைக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் நடத்துகிறேன். பருப்பு மூட்டை இறங்குவது முதல் லொறியில் ஏறுவது வரை அதில்தான் பதிவாகிறது. மும்பையிலுள்ள அமேசன் குபெர்னெட்டீஸ் கிளஸ்டரில் (கன்டெய்னர்களை, அதாவது மென்பொருளைத் தனித்தனியே ஓட்டும் பெட்டிகளை, இயக்கும் கணினிக் கூட்டம்) போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் ஒரே பொட்டாக (கன்டெய்னர் ஓடும் அலகு), டிப்ளோய்மென்ட் முறையில் ஓடுகிறது. தரவுக்கு அமேசனின் 20 ஜிபி இபிஎஸ் டிஸ்க். பதிப்பை மாற்ற இமேஜை (கன்டெய்னருக்கான மென்பொருள் பொதி) மாற்றும்போது சில வேளை தடங்கலே இல்லை. சில வேளை 'மல்டி அட்டாச்' பிழை (டிஸ்க் ஏற்கெனவே வேறு கணினியில் இணைந்திருக்கிறது என்பது) வந்து புதிய பொட் எழாமல் நிற்கிறது. பழையதை நானே அழிக்க வேண்டியிருக்கிறது. நோட்கள், அதாவது கிளஸ்டரின் கணினிகள், இரண்டும் அமேசனின் ஒரே ஸோனில்தான் (தரவு மையப் பகுதி). ஏன் இப்படி?

தெஹிவளை வாசி:
அமேசனின் பகிர்வுக் கோப்புச் சேமிப்பான இஎஃப்எஸ்ஸுக்கு மாறுங்கள். பல நோட்களில் ஒரே நேரத்தில் இணைக்கலாம், பிரச்சினை தீர்ந்தது.

வெள்ளவத்தை வாசி:
தீராது, பெருகும். தம்பி, தடங்கலே இல்லை என்கிறீர்களே, எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

புதியது தயாரான பிறகே பழையதை நிறுத்துவது டிப்ளோய்மென்டின் இயல்பு. ஆகவே கொஞ்ச நேரம் இரண்டு பொட்கள் இருக்கும். புதியது மற்ற நோட்டில் விழுந்தால் டிஸ்க் கிடைக்காது. பழையது விடாது, புதியது எழாது. அதே நோட்டில் விழுந்தால்? டிஸ்க்கின் 'ரீட் ரைட் வன்ஸ்' என்ற அனுமதி வகை ஒரு நோட்டுக்கான வரம்பு, ஒரு பொட்டுக்கானதல்ல. இரண்டு போஸ்ட்கிரஸும் ஒரே கோப்பகத்தைத் திறந்துவிடும். தடுக்கத்தான் ஓடும் செயலின் எண்ணைக் குறித்துவைக்கும் பிஐடி கோப்பு இருக்கிறதே என்பீர்கள். கன்டெய்னருக்குள் இரண்டுக்குமே செயல் எண் 1. கோப்பில் தன் எண்ணையே கண்டால், முன்பு நின்றுபோனதன் எச்சம் என்று போஸ்ட்கிரஸ் கடந்துவிடும். ஒரே பேரேட்டில் இரண்டு கணக்கப்பிள்ளைகள் ஒருவரையொருவர் பாராமல் எழுதினால் என்ன ஆகும்? இஎஃப்எஸ்ஸில் இதே கூத்து எந்த நோட்டிலும் நடக்கும்.

டிப்ளோய்மென்டுக்குப் பதிலாக, தரவு வைத்திருக்கும் பொட்களுக்கான ஸ்டேட்ஃபுல்செட் முறைக்கு மாற்றுங்கள். பழையது முழுதாக நின்ற பின்னரே புதியது எழும். அந்தச் சிறு இடைவெளியைக் கடை பொறுத்துக்கொள்ளும். கிளஸ்டரின் குபெர்னெட்டீஸ் பதிப்பு 1.29 அல்லது அதற்குப் பிந்தியது என்றால், ஒரே பொட்டுக்கு மட்டும் டிஸ்க்கைத் தரும் 'ரீட் ரைட் வன்ஸ் பொட்' வகையையும் பயன்படுத்துங்கள். கைவைக்கும் முன் பிவியின் (டிஸ்க்குக்கான குபெர்னெட்டீஸ் பதிவு) ரிக்ளெய்ம் பொலிசியை, அதாவது கோரிக்கை நீங்கியபின் டிஸ்க்கை என்ன செய்வது என்ற விதியை, பாருங்கள். தானாக உருவான டிஸ்க்குகளுக்கு வழக்கமாக அது 'டிலீட்' என்றிருக்கும். பிவிசியை (டிஸ்க் கேட்கும் கோரிக்கை) அழித்தால் டிஸ்க்கும் போய்விடும்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
'டிலீட்' என்றுதான் இருந்தது அண்ணா, டிஸ்க்கை வைத்திருக்கும் 'ரிட்டெய்ன்' ஆக்கிவிட்டேன். தரவு ஏற்கெனவே கெட்டிருந்தால் எப்படி அறிவது?

வெள்ளவத்தை வாசி:
தரவை நகலெடுக்கும் பிஜி டம்ப் பிழையின்றி முடிகிறதா என்று முதலில் பாருங்கள். அது இண்டெக்ஸ்களை (தேடலுக்கான அட்டவணைகள்) சோதிக்காது. போஸ்ட்கிரஸ் 14 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் அவற்றைச் சோதிக்கும் பிஜி ஆம்செக் ஓட்டுங்கள். இரண்டும் சரியென்றால், கடை பூட்டியிருக்கும் ஞாயிறன்று புதிய டம்ப் எடுத்து ஸ்டேட்ஃபுல்செட்டின் வெற்று டிஸ்க்கில் ஏற்றுங்கள். பழைய டிஸ்க்கை மாத முடிவு இருப்பெடுப்பு வரை அழிக்க வேண்டாம். மூட்டைக் கணக்கு இடித்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.