குதிரைமொழித் தேரியில் பார்த்தது எந்த வல்லூறு?

தேரிமணல்:
இன்னைக்குக் காலைல குதிரைமொழித் தேரி (செம்மணல் மேடு) ஓரத்துல நாலஞ்சு சின்ன வல்லூறுகளைப் பார்த்தேன். ராத்திரி பெய்த மழைக்கு ஈசல் புறப்பட்டிருந்துச்சு. பறந்துகிட்டே ஈசலைக் காலால பிடிச்சு, அந்தரத்துலயே குனிஞ்சு தின்னுதுங்க. சிறகு மட்டும் கீழே உதிருது. ஒண்ணு கரண்டு கம்பியில வந்து உட்கார்ந்துச்சு: வெள்ளை வயித்துல கருப்புக் கீற்று, கண்ணுக்குக் கீழே மீசை மாதிரி கருப்பு, கால் நல்ல ஆரஞ்சு. வருசாவருசம் வர்ற கெஸ்ட்ரல்ங்கிற வல்லூறுதானா அண்ணாச்சி?

குளத்துக்கரை:
கெஸ்ட்ரல் இல்ல தம்பி. அதுக்குக் கால் மஞ்சள், முதுகு செங்கல் நிறம். நீங்க சொல்றது அமூர் வல்லூறுல பெட்டை மாதிரி இருக்கு. ஆண் ஏதும் கண்ணுல பட்டுச்சா? உடம்பு முழுக்கச் சாம்பல், தொடையும் வாலடியும் செம்பழுப்பு.

பனங்காடை:
அவசரப்பட வேண்டாம். ஹாபிங்கிற வல்லூறும் இந்த மாசம் வரும், அதுவும் ஈசல் பிடிக்கும், அதுக்கும் மீசை உண்டு. காலை வெயில்ல மஞ்சள் கால் ஆரஞ்சாத் தெரியலாம். படம் இருந்தா போடுங்க.

தேரிமணல்:
கம்பியில இருந்தது படத்துல விழல. பறந்த ஒண்ணு கிடைச்சிருக்கு, இணைச்சிருக்கேன். உடம்பு சாம்பல், இறக்கைக்கு அடியில முன்பாதி வெள்ளை வெளேர்னு இருக்கு.

பனங்காடை:
அந்த வெள்ளை போதும். அமூர் ஆணேதான். வாழ்த்துகள்!

குளத்துக்கரை:
எனக்கு எவ்வளவு சந்தோசம்னு சொல்லத் தெரியல. நாகாலாந்துல தோயாங் அணைப் பக்கம் 2012-ல வலை போட்டு லட்சத்துக்கு மேல பிடிச்சுக் கொன்ன பறவை இது. அடுத்த வருசமே அந்த ஊர்க்காரங்க வலையைச் சுருட்டி வச்சுட்டு காவலுக்கு நின்னாங்க. சைபீரியா, வடசீனப் பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு, அரபிக்கடலைத் தாண்டி தெற்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போகுது. கடல் மேல இறங்க இடமே கிடையாது. அதனால இங்க தின்னுற ஒவ்வொரு ஈசலும் அதுக்கு வழிச்சோறு.

நம்ம ஆளுங்க ஐப்பசி, கார்த்திகைல குளத்தைத்தான் பார்க்கிறோம். வாத்து, உள்ளான், பூநாரைன்னு கண்ணு தண்ணியிலயே இருக்கு. தேரிக்காட்டுக்கு மேல போறதை யாரும் அண்ணாந்து பார்க்கிறதில்ல. நம்ம பக்கத்துப் பதிவு குறைவா இருக்க அதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

தம்பி, பார்த்த பறவையைப் பதிவு பண்ற இ-பேர்டு தளத்துல இன்னைக்கே ஏத்திடுங்க. அரிய பறவைன்னு விவரம் கேட்கும். மேலே எழுதினதை அப்படியே போடுங்க, பனங்காடை கேட்ட கேள்விக்கான பதிலும் சேரட்டும். பெட்டைக்குப் படம் இல்லைன்னும் எழுதுங்க. வழிப்போக்குப் பறவை, நாளைக்கே கிளம்பிடலாம். இருந்தாலும் விடியக்காலைல மொட்டைப் பனைகளை ஒவ்வொண்ணாப் பாருங்க. நான் முதல் பஸ்ல காயாமொழி வந்துடுறேன்.