வைன் கல்வி: எந்த நிலையில் தொடங்குவது?

கேள்வி:
கணக்குத் துறையில் பணியாற்றும் நான் வைன் இறக்குமதித் தொழிலுக்கு மாற எண்ணுகிறேன். நிலை நிலையாக வைன் பாடமும் சான்றிதழும் தரும் டபிள்யூ.எஸ்.இ.டி. (வைன் அண்ட் ஸ்பிரிட் எஜுகேஷன் டிரஸ்ட்), உணவகங்களில் வைன் பரிமாறும் வல்லுநர்களுக்குத் தேர்வு நடத்தும் கோர்ட் ஆஃப் மாஸ்டர் சொமெலியர்ஸ் ஆகிய இரண்டில் எது எனக்குப் பொருந்தும்? முதல் நிலையைத் தவிர்க்கலாமா?

மறுமொழி 1:
உணவக வேலையை நீங்கள் நாடாததால், 1969-இல் லண்டனில் தொடங்கப்பட்ட டபிள்யூ.எஸ்.இ.டி.யே ஏற்றது, மற்றது பரிமாறும் திறனையும் சேர்த்தே சோதிக்கும். நேராக இரண்டாம் நிலையில் சேரத் தடையில்லை. அதில் 50 கொள்குறி வினாக்கள் மட்டுமே உண்டு. மூன்றாம் நிலையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பெயர் மறைக்கப்பட்ட இரண்டு வைன்களைச் சுவைத்து, அமிலத்தன்மை, டானின் (வாயை உலரச்செய்யும் துவர்ப்பு), ஆல்கஹால், பின்சுவையின் நீளம் ஆகியவற்றைப் பதிவு செய்து தரத்தை மதிப்பிட வேண்டும். எழுத்துத் தேர்விலோ, குளிர்ந்த பகுதியில் விளையும் திராட்சையில் அமிலம் ஏன் கூடுதலாகத் தங்குகிறது என்பது போன்ற காரணங்களை விளக்க வேண்டும். ஊர்ப்பெயர்களை நெட்டுருப் போட்டால் தேறாது.

மறுமொழி 2:
உடன்படுகிறேன். ஆனால் சான்றிதழ் மட்டுமே வேலை வாங்கித் தராது. சரக்குக் கையிருப்பு, சுங்க வரி, லாப விகிதம் ஆகியவற்றை அறிந்தவருக்கு இறக்குமதியில் மதிப்புண்டு. உங்கள் கணக்கறிவு அங்கே கைகொடுக்கும். பயிற்சிக்கு, பிரான்சின் ஷாப்ளி பகுதி வெள்ளை வைனையும் ஓக் பீப்பாயில் முதிர்ந்த கலிஃபோர்னிய ஷார்டனே வைனையும் அருகருகே வைத்துச் சுவையுங்கள். இரண்டிலும் ஷார்டனே என்ற ஒரே திராட்சைதான் என்பதை நாக்கு எளிதில் நம்பாது. துப்பவும் பழகுங்கள், இல்லையேல் நான்காவது கோப்பைக்குப் பின் எழுதும் குறிப்பு உதவாது.

மறுமொழி 3:
வைன் துறையின் மிக உயர்ந்த பட்டங்களில் ஒன்றான மாஸ்டர் ஆஃப் வைன் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். அதில் சேரவே துறை அனுபவம் கேட்பார்கள்.