மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம் படத்தை எங்கே, யாரோடு பார்த்தீர்கள்?

மே 31 நெருங்குகிறது. 1987-ல் அதே நாளில்தான் கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து ஜான் போனார். வயது 49. எல்.ஐ.சி. வேலையை உதறிவிட்டுப் புனே திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தவர், வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கின் மாணவர். அவர் முடித்த முழுநீளப் படங்கள் நான்குதான். அதில் ஒன்று நம் தமிழில்.

அவர் படத்தை நம்மில் யாரும் போஸ்டர் பார்த்து டிக்கெட் எடுத்துப் பார்த்திருக்க மாட்டோம். யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு வந்து காட்டியிருப்பார். அந்தக் கதைதான் எனக்கு வேண்டும், கீழே எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

1994, கோவை. ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஜானின் மலையாளப் படம் 'அம்ம அறியான்' போட்டார்கள். எனக்கு மலையாளம் அரைகுறை. மில்லில் என்னோடு வேலை பார்த்த பாலக்காட்டு நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு காதாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். வயநாட்டிலிருந்து டெல்லிக்குக் கிளம்புகிறான் புருஷன் என்ற பெயருள்ள ஒருவன். வழியில் போலீஸ் ஜீப்பை நிறுத்தி, தூக்கில் தொங்கிய ஒரு பிணத்தை ஏற்றச் சொல்கிறது. இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று அவனுக்கு நிம்மதி போய்விடுகிறது. டெல்லியை விட்டுவிட்டு, செத்தவன் யார் என்று தேடிப் புறப்படுகிறான். செத்தவனின் அம்மா கொச்சியில் இருக்கிறாள், அவளிடம் சேதி சொல்ல வேண்டும். போகிற ஊரிலெல்லாம் ஒவ்வொருத்தனாகச் சேர்ந்துகொள்கிறார்கள். அதில் என்னைப் பிடித்து உலுக்கியது ஒன்றுதான்: ஒவ்வொருத்தனும் தன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகிறான். ஒரு கதவு திறக்கும், ஒரு அம்மா வெளியே வருவாள், இரண்டு வார்த்தை, அவன் செருப்பை மாட்டுவான். வேணுவின் கேமரா அந்தத் தாய்களின் முகத்தில் நின்று நிதானமாகப் பார்க்கும்.

என் தம்பி வீட்டை விட்டுப் போய் அப்போது எட்டு மாதம். இரவு பதினொன்றரைக்கு நான் வீடு திரும்பியபோது அம்மா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். தம்பி எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும், அவன் சொல்ல வேண்டாம் என்றதால் மறைத்திருந்தேன். அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

* * *

அண்ணே, நான் அந்த 'அம்ம அறியான்' படத்துக்குக் காசு கொடுத்தவன்.

85-ஆ இருக்கும். பாலக்காட்டுப் பக்கம் ஒரு பேக்கரியில் வேலை. பள்ளிக்கூட மைதானத்தில சினிமா போடறாங்கன்னு போனோம். வெள்ளைத் துணி கட்டியிருந்தாங்க. பெஞ்சு மேல பெஞ்சு போட்டு, அதுக்கு மேல பதினாறு எம்.எம். புரொஜெக்டர். படம் சாப்ளினோட 'தி கிட்'. பேச்சே இல்லாத படம், அதனால தமிழ்க்காரன் எனக்கும் அங்க இருந்த கிழவிக்கும் ஒரே மாதிரி புரிஞ்சுது. பையன் கல்லெறிஞ்சு ஜன்னல் கண்ணாடிய உடைப்பான், பின்னாலயே சாப்ளின் புதுக் கண்ணாடியத் தோளில மாட்டிக்கிட்டு வருவாரு. மைதானமே சிரிச்சுது. அப்புறம் பையன அனாதை இல்லத்துக்கு வண்டியில ஏத்துற இடம் வந்ததும் பொம்பளைங்க பக்கத்துல ஒரே மூக்குறிஞ்சல்.

படம் முடிஞ்சதும் ரெண்டு பேர் தோர்த்தை, அதான் துண்டை, விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு வந்தாங்க. ஒடேசான்னு ஒரு கூட்டம், ஜான்னு ஒருத்தர் சினிமா எடுக்கப் போறாரு, முதலாளி கிடையாது, ஜனங்க கொடுக்கற காசுலதான் எடுப்பாருன்னாங்க. ஊர் ஊராப் போய் இப்படித்தான் வசூல் பண்றாங்களாம். எனக்கு நம்பிக்கை வரல. ஆனாலும் ரெண்டு ரூபா போட்டேன். பக்கத்துல இருந்த பொடியன் நாலணா போட்டான்.

பத்து வருஷம் கழிச்சு திருச்சூர்ல அந்தப் படத்தைப் பார்த்தேன். பாதிக் கதை பிடிபடல. மாணவர் போராட்டம் வருது, கல் குவாரி வருது, எது நடிப்பு எது நிஜம்னு தெரியல. ஆனா ஒரு ஷாட்டுகூடக் கண்ணை எடுக்காமப் பார்த்தேன். என் ரெண்டு ரூபா இதுல எங்க இருக்குன்னு மனசு தேடிக்கிட்டே இருந்துது. வேற எந்தப் படத்துலயும் எனக்கு அந்த உரிமை வந்ததில்ல.

* * *

நான் தஞ்சாவூர்ப் பக்கம், கல்லூரியில் தமிழ் எடுக்கிறேன். மேலே இருவரும் மலையாளப் படத்தைச் சொல்லிவிட்டீர்கள். நான் 'அக்ரஹாரத்தில் கழுதை'யைச் சொல்கிறேன். 1977-ல் வந்தது, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. எழுத்து வெங்கட் சாமிநாதன். இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனே பேராசிரியராக நடித்தார். இவ்வளவு இருந்தும் என் மாணவர்களில் ஒருவர்கூடப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.

கல்லூரி அரங்கைக் கேட்டேன். தலைப்பைப் பார்த்ததுமே மறுத்துவிட்டார்கள். ஆறு வருடம் முன்பு நடந்தது, இன்றைக்கும் ஆறவில்லை எனக்கு. மாணவி ஒருத்தி தன் வீட்டு முற்றத்தைத் தந்தாள். வாடகைக்குப் புரொஜெக்டர், திரைக்குக் கொடியில் வேட்டி. எங்கள் இருபது பேர் போக அக்கம்பக்கத்தவரும் வந்தார்கள், எதிர்வீட்டுப் பாட்டி ஒருவர் உட்பட. அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவர், எண்பதைத் தாண்டியவர். எழுந்து போய்விடுவாரோ என்று படம் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாயை இழந்த கழுதைக் குட்டியைப் பேராசிரியர் எடுத்து வளர்க்கிறார், ஊருக்குக் கொண்டுபோய் விடுகிறார். அதைப் பார்த்துக்கொள்வது உமா என்ற ஊமைப்பெண். ஊரில் எது தப்பாக நடந்தாலும் பழி குட்டிமேல். உமாவுக்குக் குழந்தை செத்துப் பிறக்கிறது. அந்தச் சிசு கோயிலருகே கிடந்ததற்கும் கழுதைதான் காரணம் என்கிறார்கள். அடித்தே கொல்கிறார்கள். பிறகு, கொன்ற அதே கைகள் அதைக் கும்பிடுகின்றன.

முடிந்ததும் யாரும் பேசவில்லை. பாட்டிதான் பேசினார்: "அந்தப் பொண்ணுக்கு வாய் இல்ல. வாய் இருந்தவா எத்தனை பேர் இருந்தா, ஒருத்தராவது வாயைத் திறந்தாளா?" சொல்லிவிட்டு நெடுநேரம் வேட்டியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். மூன்று வாரம் வகுப்பில் நான் பேசியதைவிட அந்த ஒரு கேள்வி மாணவர்களிடம் அதிகம் வேலை செய்தது.

* * *

ஒரு புரொஜெக்டர் ஆபரேட்டராச் சின்னதாச் சொல்லிக்கிறேன். ஃபிலிம் சொசைட்டி படங்களுக்குப் பெட்டி ரயில் பார்சல்ல வரும். தகரப் பெட்டி, தூக்கினா தோள் இறங்கிடும். பதினாறு எம்.எம்.ல 1,600 அடி ரீல் ஒண்ணு 44 நிமிஷம் ஓடும். கேட்டுக்கு, அதாவது லைட் ஃபிலிம் வழியாப் போற இடத்துக்கு, மேலயும் கீழயும் ஃபிலிம் கொஞ்சம் தளர்வா வளைஞ்சு நிக்கணும், லூப்னு சொல்லுவோம். லூப் போச்சுன்னா படம் குதிக்கும், துளை கிழியும். பழைய பிரிண்ட்ல ஒட்டு ஜாஸ்தி, ஒவ்வொரு ஒட்டுக்கும் விரல் தானா லூப் பக்கம் போயிடும். ரீல் மாத்துற ரெண்டு நிமிஷம் லைட் போடுவோம். ஜனங்க அப்பத்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து, இப்ப என்ன நடந்துச்சுன்னு பேசிக்குவாங்க. ஜான் படத்துக்கு அந்த ரெண்டு நிமிஷம் ரொம்பத் தேவைப்படும். இப்ப பென் டிரைவ்ல போடறவங்களும் நடுவுல ஒரு தடவை நிறுத்தி லைட்டைப் போடுங்க.

* * *

எல்லாருக்கும் நன்றி. ஆபரேட்டர் அண்ணன் சொன்னபடியே செய்வோம்.

31-ம் தேதி மாலை ஆறரைக்கு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 'அம்ம அறியான்'. நுழைவுக் கட்டணம் கிடையாது, கடைசியில் தோர்த்து விரிப்போம், அடுத்த மாதப் புரொஜெக்டர் வாடகைக்கு. தஞ்சாவூர் டீச்சர், மாணவர்களோடு வந்தால் தங்க இடம் இருக்கிறது. பேக்கரி அண்ணே, நீங்கள்தான் முதல் வரிசை, அந்த இரண்டு ரூபாய்க் கதையைப் படத்துக்கு முன்னால் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். கோவைக்காரர்கள் யாரிடமாவது நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் கொண்டுவாருங்கள். மாடிக்கு ஒரே பிளக்தான்.