ஓவியக்கூடத் தன்னார்வலர் குழு: கார்த்திகை, மார்கழி ஏற்பாடு

கவிதா: தேதி வந்தாச்சு. கார்த்திகை கடைசியில இருந்து பசங்க வாட்டர்கலர் கண்காட்சி, 28 ஃப்ரேம். முதல் சனிக்கிழமையே பாடிக் (துணியில மெழுகு வரைஞ்சு சாயம் போடறது) பட்டறையும் வச்சிடலாமா?

சேகர் சார்: பாடிக்கைத் தைக்குத் தள்ளிடும்மா. இந்த மழையில துணி காயாது. ஒரு சாயத்துல முக்கி எடுத்தா, நல்லா காஞ்சப்புறம்தான் அடுத்த மெழுகு. ஈரத்துல மெழுகு உள்ள இறங்காம மேலாப்புல நிக்கும், அடுத்த சாயம் அடியில பூந்துடும்.

பத்மா மாமி: ஆமாம்மா. மஞ்சள், சிவப்பு, பழுப்புன்னு மூணு கலர்னா மூணு தடவை காயணும். தை வெயில்ல ஒரே நாள்ல முடிஞ்சிடும்.

கவிதா: சரி, தைதான். இப்போ ஃப்ரேம் விஷயம். செல்லோ டேப் போட்டுப் படத்தைப் பின்னாடி அட்டையில ஒட்டிடவா?

இம்ரான் அண்ணா (ஃப்ரேம்): ஐயோ வேணாம். அந்தப் பசை பேப்பருக்குள்ள ஊறி மஞ்சளா கறை விட்டுடும். நாலு பக்கமும் இழுத்து ஒட்டினாலும் வம்புதான். ஈரக்காத்துக்குப் பேப்பர் விரியும், விரிய இடம் இல்லேன்னா அப்பளம் மாதிரி பொங்கும். ஆல்பத்துல போட்டோ சொருகுற கார்னர் இருக்கு இல்ல, படத்துக்கு 4 போதும்.

பத்மா மாமி: மைதாப் பசையும் வேணாம்பா, ராமபாணப் பூச்சிக்கு விருந்து வச்ச மாதிரி ஆயிடும்.

இம்ரான் அண்ணா (ஃப்ரேம்): அதான் மாமி. அப்புறம், கண்ணாடி படத்துல படவே கூடாது. நடுவுல ஜன்னல் மாதிரி வெட்டின மவுண்ட் போர்டு (தடிமனான அட்டை) கட்டாயம். ஒட்டிக்கிச்சுன்னா பிரிக்கும்போது கலரும் சேர்ந்து வந்துடும்.

சேகர் சார்: ராத்திரி ஏசியை நிறுத்திட்டுக் காலையில கதவைத் திறப்பாங்க. குளிர்ந்த கண்ணாடி மேல வெளிக்காத்து பட்டதும் வேர்த்துடும். காலையில ஏசி போடாம ஒரு மணி நேரம் ஃபேன் மட்டும் ஓடட்டும். மழைத்தண்ணி ஊறுற வெளிச்சுவர்ல எதையும் மாட்டாதீங்க. ஃப்ரேம் பின்னாடி கீழ் ரெண்டு மூலையிலயும் ரப்பர் பட்டன் ஒட்டுங்க, காத்து போய் வரும்.

கவிதா: உயரம்? பெரியவங்களுக்குப் படத்தோட நடு, தரையில இருந்து 145 செ.மீ.ல இருக்கணும்னு சொல்லுவாங்க.

பத்மா மாமி: பார்க்க வர்றதுல பாதி குட்டிப் பசங்க. 120 வைங்க. பெரியவங்க கொஞ்சம் குனிஞ்சா என்ன?

கவிதா: ஃப்ரேம் உயரம் 50. பாதி 25. அப்போ 120 + 25 = 145ல ஆணி, சரியா?

இம்ரான் அண்ணா (ஃப்ரேம்): இல்லம்மா, 145 ஃப்ரேமோட மேல் விளிம்பு. ஃப்ரேம் பின்னாடி மாட்டுற கம்பி அதுக்குக் கீழதானே நிக்குது. ஆணியில மாட்டுற மாதிரி கம்பியை விரலால மேல இழுத்துப் பிடிச்சு அளந்து பாரு. 5 செ.மீ. வந்தா 140ல ஆணி. தொங்கவிட்டு அளந்தா 7, 8னு தப்பா காட்டும். 28 ஃப்ரேமுக்கும் தனித்தனியா அளக்கணும், எல்லாக் கம்பியும் ஒரே மாதிரி கட்டியிருக்காது.

சேகர் சார்: லைட் நேரா அடிக்காதீங்க, வாட்டர்கலர் வெளுத்துடும். வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்குற அலகு) தாண்டக் கூடாது. ஜன்னலுக்குத் திரை போடுங்க.

கவிதா: குறிச்சுக்கிட்டேன். கண்காட்சி நடுவுல பசங்களை எழும்பூர் மியூசியம் கூட்டிட்டுப் போறோமே, வெள்ளிக்கிழமை போகலாமா?

பத்மா மாமி: வெள்ளிக்கிழமை அங்க லீவு!! சனிக்கிழமை வை.

சேகர் சார்: தையில பாடிக்குக்கு முன்னாடி இஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஒரு நடை போகலாம். 1966ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் ஆரம்பிச்சப்போ அங்க இருந்த ஓவியர்கள் பாடிக் துணி மாதிரி கைவேலை வித்துதான் செலவைச் சமாளிச்சாங்க. பார்த்துட்டு வந்து மெழுகைத் தொட்டா பசங்களுக்குப் பிடிபடும்.

கவிதா: மெழுகு எந்தக் கணக்குல கலக்கணும் சார்?

சேகர் சார்: 2 பங்கு பாரஃபின், 1 பங்கு தேன்மெழுகு. பாரஃபின் மட்டும்னா எல்லா இடத்துலயும் வெடிச்சுக் கோடு விழும், தேன்மெழுகு இழுத்துப் பிடிக்கும். நேரடித் தீயில வைக்காதீங்க, தண்ணிப் பாத்திரத்துக்குள்ள வச்சு உருக்கணும். பிரஷ் இழுத்த இடம் கண்ணாடி மாதிரி தெரிஞ்சா சூடு சரி. வெள்ளையா மேல உறைஞ்சா பத்தல.

பத்மா மாமி: காட்டன் துணியைக் கஞ்சி போக முதல்லயே துவைச்சு வைங்க. கடைசியில துணியில இருக்கற மெழுகு போகக் கொதிக்க வச்ச தண்ணியை சிங்க்ல ஊத்தாதீங்கப்பா. ஆறவிட்டா மெழுகு மேல ஆடை மாதிரி மிதக்கும், எடுத்துடலாம்.

இம்ரான் அண்ணா (ஃப்ரேம்): மட்டம் பார்க்குற வாட்டர் லெவல் என்கிட்ட இருக்கு. ஏணி யாரு கொண்டு வர்றீங்க? கூடத்துல இருக்கறது ஆடும்.

கவிதா: எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணாகிட்ட கேட்டுச் சொல்றேன்.