கீழே நகைப் பட்டறை, மேலே குடித்தனம்: ஜார்ஜ்டவுன் கடைவீடுகளில் இது தொடரலாமா?

மாடிக்குடி:
பினாங்கு ஜார்ஜ்டவுனில் லெபோ (தெரு) குயின், லெபோ கிங், லெபோ பசார் பக்கம் மாடி வாடகைக்குத் தேடுகிறவர்கள் கேட்கும் கேள்வி இது: கீழே பத்தர் பட்டறை இருந்தால் குடிபோகலாமா? கூடாது என்பதுதான் என் பதில். தொழில்மீது எனக்குக் குறை இல்லை. கட்டடம்தான் அதற்கு இடம் தரவில்லை.

மாடித்தரை வெறும் பலகை. சுமார் ஓர் அங்குலக் கனம், காய்ந்து இடுக்கு விட்டிருக்கும். சுத்தத் தங்கம் உருக 1,064 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். அந்தச் சுவாலைக்கும் படுக்கை அறைக்கும் நடுவில் இருப்பது இந்தப் பலகை மட்டும்தான். எல்பிஜி கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கி, கடை முன்னால் கூரையிட்ட ஐந்தடி நடைபாதை ஓரச் சாக்கடைக்குள் இறங்கும். மூக்குக்கு வாடை வரும்முன் கீழே நிறைந்துவிடக்கூடும். படிக்கட்டோ ஒன்றே ஒன்று, அதுவும் பட்டறைக்குள் இறங்குகிறது. தங்கம் இருக்கும் இடம் என்பதால் பின்வாசலில் இரும்புக் கிராதியும் பூட்டும் போட்டிருப்பார்கள். ராத்திரி தீப்பிடித்தால் மேலே இருப்பவர் எந்த வழியாக வருவார்?

உமியோடு:
அண்ணே, நீங்கள் சொல்லும் ஆபத்து அத்தனையும் உண்மை. ஆனால் அது அடுப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கடைவீட்டை நீளவாக்கில் பாருங்கள். முன்னால் கடை, நடுவில் திறந்த முற்றம், அதற்கப்பால் சமையல்கட்டு. பல வீடுகளில் அந்தப் பின்கட்டு ஒற்றைத் தளம்தான். கீழே ஓட்டுத்தரை அல்லது சிமென்ட், மேலே கூரை. கட்டியவர்களே நெருப்புக்கு ஒதுக்கிய இடம் அது. உருக்குவதும் பற்றவைப்பதும் அங்கே போகட்டும். அரம் போடுவது, கம்பி இழுப்பது, கல் பதிப்பது முன்னால் நடக்கட்டும்.

கேஸ் தோங் (சிலிண்டர்) ஒன்றுக்குமேல் உள்ளே வேண்டாம். சாக்கடை வாயிலிருந்து தள்ளி, நிமிர்த்தி, சங்கிலி போட்டு நிற்க வேண்டும். ஆக்சிஜன் சேர்த்து ஊதுகிறவர்கள் இரண்டு குழாயிலும் தீ பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் வால்வு மாட்ட வேண்டும். வேலை முடிந்ததும் ஊதுகுழல் குமிழை மட்டும் மூடிவிட்டுப் போவது கசிவுக்கு வழி. தோங் வாயிலேயே மூட வேண்டும். வாரம் ஒருமுறை இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தால் போதும், கசிவு குமிழாகக் காட்டிவிடும்.

இன்னொன்று. பட்டறை போன இடத்தில் உணவகம் வந்தால் நாள் முழுக்க கேஸ் அடுப்பு எரிகிறது. அதை யாரும் கேட்பதில்லை. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்தாகி, 1999 கடைசியில் விட்டுவைத்த தவணையும் முடிந்தது. வாடகை ஏறியது. கைத்தொழில்காரர்களும் குடித்தனக்காரர்களும் சேர்ந்தே வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இந்த ஊரைச் சேர்த்தது சுவருக்கும் ஓட்டுக்கும் மட்டுமல்ல, இங்கே வாழும் பண்பாட்டுக்காகவும்தான். பட்டறையையும் குடித்தனத்தையும் பிரித்துவிட்டால் மிச்சம் தங்கும்விடுதிதான்.

காரைக்கொத்தன்:
இருவரும் தீயையே பேசுகிறீர்கள். கடைவீட்டை மெல்லக் கொல்வது அமிலம்.

பழைய நகையிலிருந்து வெள்ளியையும் செம்பையும் பிரிக்க நைட்ரிக் அமிலத்தில் போடும்போது செம்பழுப்பு ஆவி எழும். அது நைட்ரஜன் டைஆக்சைடு, காற்றைவிடக் கனம். கரிப்புகை சூட்டோடு முற்றம் வழியாக மேலே போய்விடும். இந்த ஆவி ஆறியதும் கீழே இறங்கித் தங்கும். முற்றம் இருப்பதால் காற்றோட்டம் போதும் என்று நம்பக் கூடாது. மூச்சில் போனால் முதலில் லேசான இருமல்தான் இருக்கும், நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும்.

அமிலம் தெறித்துச் சுண்ணாம்புக் காரையில் பட்டால் அங்கே கால்சியம் நைட்ரேட் உண்டாகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 50 விழுக்காட்டைத் தாண்டினாலே இந்த உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரையும். பினாங்கில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அரிது. அதனால் மழை குறைந்த பிப்ரவரியிலும் சுவர் நனைந்தே கிடக்கும். வீட்டுக்காரர் அதை நிலத்தடி ஈரம் என்று எண்ணி சிமென்ட் பூசுவார். ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறும். மாடியைத் தாங்கும் உத்திரத்தின் முனை செங்கல் சுவருக்குள் செருகியிருக்கிறது அல்லவா, அங்கே போய்ச் சேரும். முனை உளுத்தால் வெளியே ஒன்றும் தெரியாது, தரை சரியும்போதுதான் தெரியும்.

நிலத்தடி ஈரம் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை மீட்டர் உயரத்தில் கிடையாக ஒரு கறைக்கோடு விடும். அமிலக் கறை வேலை மேசை இருந்த இடத்தைச் சுற்றித் திட்டுத்திட்டாக இருக்கும். மீன்தொட்டி நீர் சோதிக்கும் நைட்ரேட் காகிதத்தை ஈரமான காரைத்தூளில் வைத்தால் நிறம் மாறும். ஆனால் பழைய வாளிக் கழிவறை இருந்த மூலையிலும் அதே நிறம் வரும், இடம் பார்த்துத்தான் முடிவுகட்ட வேண்டும்.

சரிசெய்ய: கறைக்கு மேலும் 50 சென்டிமீட்டர்வரை பூச்சை உரித்து, செங்கல் இடுக்கை 15 மில்லிமீட்டர் ஆழம் சுரண்டி, உலர்ந்த தூரிகையால் துடைக்க வேண்டும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் உப்பு உள்ளே போய்விடும். காகிதக்கூழும் களிமண்ணும் காய்ச்சி வடித்த நீரில் குழைத்து 20 மில்லிமீட்டர் கனத்தில் அப்பி, முழுக்கக் காய்ந்தபின் எடுங்கள். ஒருமுறை செய்தால் போதாது. பிறகு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. ஒரு பூச்சு 10 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். இடையில் ஒரு வாரமாவது விட்டு, வெயிலில் காயாமல் நீர் தெளித்துக் காக்க வேண்டும். இந்தப் பூச்சு உப்பை வாங்கிக்கொண்டு உதிர்வதற்கென்றே போடுவது, சில வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான். அக்ரிலிக் பெயிண்ட் அடித்தால் கொப்புளம் கிளம்பும்.

மாடிக்குடி:
காரைக்கொத்தன் ஐயா சொன்னது என் வாதத்துக்கே வலு. அந்தச் சுவர் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். செலவை யார் கொடுப்பது?

உமியோடு:
அமிலப் பிரிப்பு குடியிருப்பில் கூடவே கூடாது, இதில் ஐயாவோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் நகை செய்ய அது தேவையே இல்லை. பழைய தங்கத்தைச் சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பிவிட்டு 916 தங்கம் வாங்கலாம். பற்றவைத்தபின் கருப்பு எடுக்க வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். கந்தக அமிலத்தைவிட நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அந்தக் கரைசல் நீலமாகிவிட்டால் செம்பு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். சாக்கடையில் ஊற்றாமல் மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளின்படி 180 நாளுக்குமேல் வைத்திருக்க முடியாது. பற்றுப்பொடி வாங்கும்போது காட்மியம் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். காட்மியப் புகைதான் மேலே போகும் விஷம்.

மாடிக்குடி:
சரி, அமிலப் பிரிப்பு ஒழிந்தது, சுவாலை பின்கட்டுக்குப் போனது என்றே வைத்துக்கொள்வோம். மெருகு போடும் மோட்டார்? நிமிடத்துக்கு 2,800 சுற்று ஓடும் மோட்டாரைப் பலகைச் சுவரோடு பொருத்தினால் மாடி முழுக்க ரீங்காரம்.

காரைக்கொத்தன்:
சுவரைத் தொடாமல் தனிக் கான்கிரீட் மேடை, அடியில் ரப்பர் தகடு. அதிர்வு மேலே ஏறாது. ஆனால் ஒன்று, மாடிக்கு அடியில் தீ தாங்கும் ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு அடித்துவிடலாம் என்று சிலர் கிளம்புவார்கள். அது தீக்கு நல்லதுதான், உத்திரத்தை மூடிவிடும். கறையானும் உளுத்தலும் கண்ணில் படாது. அடிப்பதானால் சுவரோரம் உத்திர முனை தெரியும்படி திறந்து மூடும் கதவு வைத்துத்தான் அடிக்க வேண்டும். மரபுப் பகுதி என்பதால் மாநகர் மன்ற அனுமதியும் முதலில் வாங்க வேண்டும்.

மாடிக்குடி:
படிக்கட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை. ஐந்தடி நடைபாதையிலிருந்து நேராக மாடிக்கு ஏறும் தனிக் கதவும், உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் பின்கிராதியும் இருக்கும் வீட்டை மட்டும் நான் ஏற்றுக்கொள்வேன். மற்ற வீடுகளில் பட்டறை இருக்கட்டும், மாடி சரக்கு அறையாக இருக்கட்டும்.

உமியோடு:
தனிக் கதவு இல்லாத வீட்டில் படியைச் சுற்றித் தீ தாங்கும் தடுப்பு கட்டி, நடைபாதைவரை நீட்டலாம். ஒரு மீட்டர் அகலம் போகும், கடை முகப்பு குறுகும். வாடகை பேசும்போது அந்த ஒரு மீட்டரைக் கழித்துப் பேசுங்கள்.